வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே

1990களின் பிற்பகுதி. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு ஜெராக்ஸ் இயந்திரத்தருகே சந்தித்தார்கள். ஆய்விதழ்கள் பெரும்பாலும் காகிதத்தில் வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு கட்டுரை வேண்டுமென்றால் இதழைத் தேடி எடுத்துவந்து, இயந்திரத்தருகே நின்று, பக்கம் பக்கமாக நகலெடுக்க வேண்டும். வந்தவர்களில் ஒருவர் கத்தலின் கரிகோ, ஆர்.என்.ஏ. பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர். மற்றவர் ட்ரூ வைஸ்மன், தடுப்பூசிகளில் ஆர்வம் கொண்ட நோயெதிர்ப்பியல் ஆய்வாளர். நீங்கள் என்ன செய்கிறீர்கள், நான் என்ன செய்கிறேன் என்று அங்கே தொடங்கிய பேச்சு கூட்டு ஆய்வாக வளர்ந்தது. கொரோனாவுக்கு எதிரான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுக்கு அந்த ஆய்வுதான் வழி திறந்துவிட்டது. 2023இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் தற்செயல் செய்த வேலையைப் பார் என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்த இயந்திரம்தான் முக்கியமாகப் படுகிறது. அதன் முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். வேலை முடியும்வரை வேறு எதுவும் செய்வதற்கில்லை. பக்கத்தில் வருபவரிடம் நாலு வார்த்தை பேசுவதைத் தவிர வேறு பொழுதுபோக்கும் கிடையாது. இன்று அதே கட்டுரை இருந்த இடத்திலேயே சில நொடிகளில் திரைக்கு வந்துவிடும். நல்ல வசதி, சந்தேகமில்லை. ஆனால் அந்த இருவரும் அதே இடத்தில், அதே மாதிரி சந்தித்துக்கொள்ள இன்று காரணம் எதுவும் இல்லை.

பல்கலைக்கழக வளாகம் மாறிவிட்டது என்று பேசும்போது கட்டிடங்களையும் பாடத்திட்டத்தையும் உடையையும் கைபேசியையும்தான் எல்லோரும் சுட்டிக்காட்டுவார்கள். கடந்த அறுபது ஆண்டுகளில் வளாக வாழ்க்கையை ஆழமாக மாற்றியது வேறொன்று என்பது என் கணிப்பு. அங்கே காத்திருப்பது குறைந்துபோனது. முன்பெல்லாம் மாணவரின் நாளில் பெரும்பகுதி எதற்காவது காத்திருப்பதிலேயே கழிந்தது. புத்தகத்துக்கு, கையெழுத்துக்கு, தேர்வு முடிவுக்கு, கணினிக்கு, ஆசிரியரின் கதவு திறப்பதற்கு, அடுத்த வகுப்புக்கு. அவற்றில் பாதி தண்டனை. மீதிப் பாதி, யாரும் திட்டமிடாமலே கிடைத்த பொது நேரம். நிர்வாகங்கள் இரண்டையும் ஒரே துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிட்டன.

மணி அடித்த பிறகு

வளாகத்தின் நாளைக் கட்டிப்போட்டது ஆரம்பத்திலிருந்தே மணிதான். இடைக்காலத்தில் இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகத்தில் மாணவர் சங்கங்களே ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தன. அதனால் விதிகளையும் மாணவர்களே எழுதினார்கள். மணி அடித்ததும் ஆசிரியர் தொடங்கியாக வேண்டும், அடுத்த மணி அடித்து ஒரு நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். தவறினால் அபராதம். கடினமான பகுதியைச் சொல்லாமல் தாண்டிப் போனாலும் அபராதம். இன்றைய ஆசிரியர்கள் இதைப் படித்தால் தங்கள் நிலைமை பரவாயில்லை என்று தோன்றலாம்.

ஜெர்மனியிலும் சுவீடன், பின்லாந்து போன்ற நாடுகளிலும் வேறொரு பழக்கம் வேர்விட்டது. கால அட்டவணையில் பத்து மணி என்று போட்டிருக்கும், வகுப்பு தொடங்குவதோ பத்தேகாலுக்கு. கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் ஊர் மணி ஓசையைக் கேட்ட பிறகுதான் மாணவர்கள் கிளம்பினார்கள், வந்து சேரக் கால் மணி நேரம் தேவைப்பட்டது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். சரி, கடிகாரம் வந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. எல்லோர் பையிலும் நொடி பிசகாத கடிகாரம் இருக்கிறது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்களில் அந்தக் கால் மணி நேரம் அப்படியே நீடிக்கிறது. வந்து சேருவதற்கென்று விட்ட நேரம், வந்து சேர்ந்தவர்கள் கதவருகே நின்று பேசும் நேரமாக உருமாறிவிட்டது. ஒரு தேவைக்கு ஒதுக்கிய இடைவெளி வேறொரு தேவைக்குப் பயன்படத் தொடங்கினால் அதை ஒழிப்பது கஷ்டம்.

முடியவே முடியாது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஆர்பர் வளாகத்தில் பல தலைமுறைகளாகப் பத்து மணி வகுப்பு பத்து பத்துக்குத்தான் தொடங்கும். அதற்கு ‘மிச்சிகன் நேரம்’ என்று செல்லப்பெயர் வேறு. 2018இல் அதை மாற்றினார்கள். வகுப்பு சரியாகப் பத்துக்குத் தொடங்க வேண்டும், பத்து ஐம்பதுக்கு முடிய வேண்டும். கணக்குப் பார்த்தால் இடைவெளி அதே பத்து நிமிடம்தான், முன்னால் இருந்தது பின்னால் போயிருக்கிறது, அவ்வளவே. நடைமுறையில் இது சின்ன விஷயம் இல்லை. வகுப்புக்கு முந்திய பத்து நிமிடத்தை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. வகுப்பின் முடிவில் உள்ள பத்து நிமிடத்தை, “இன்னும் ஒரே ஒரு விஷயம்” என்று இழுக்கும் ஆசிரியர் எவரும் விழுங்கிவிடலாம். கால அட்டவணையில் ஓய்வு எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்தே அது பிழைக்கும்.

கவுன்ட்டருக்கு முன்னால்

வகுப்பு இடைவெளியை விட மிக நீண்ட காத்திருப்புகள் அலுவலக ஜன்னல்களின் முன்னால் நடந்தன. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பருவத் தொடக்கத்தில் உடற்பயிற்சிக் கூடத்தையே காலி செய்து மேசைகள் போடுவார்கள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு மேசை, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கட்டு அட்டைகள். அட்டை தீர்ந்தால் அந்தப் பாடத்தில் இடமும் தீர்ந்தது. விரும்பிய பாடம் கைநழுவியவர்கள் அங்கேயே நின்று, எந்த ஆசிரியர் எப்படி, எந்தப் பாடத்தில் தப்பிக்கலாம் என்று முன்பின் தெரியாதவர்களிடமே விசாரித்து வேறொன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். சீனியர்களின் வாய்மொழிக் களஞ்சியம் மொத்தமும் அந்த வரிசையில் அவிழும்.

கணினி படிப்பதற்காகத் துளையிட்ட அந்த அட்டைகள் கோபத்தையும் சேர்த்துவைத்தன. 1964இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேச்சுரிமைப் போராட்டம் வெடித்தபோது, மாணவர்களை அட்டைகளாக நடத்துகிறது நிர்வாகம் என்பது முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. “மடிக்காதே, குத்தாதே, கிழிக்காதே” என்று அந்த அட்டைகளில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையை மாணவர்கள் தங்கள் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். வரிசையில் நிற்க வைப்பது மரியாதைக் குறைவு என்ற உணர்வு புதிதாக வந்ததில்லை.

இந்தத் துளை அட்டைகளின் இன்னொரு வீடு கணினி மையம். ஒரு நிரலின் ஒவ்வொரு வரியும் எண்பது பத்திகள் கொண்ட ஓர் அட்டை. அட்டைக் கட்டைக் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு வர வேண்டும், முடிவு சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வரும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் அந்த நாள் போச்சு. அதனால் கொடுப்பதற்கு முன் நாலு பேரிடம் காட்டிச் சரிபார்ப்பது வழக்கமானது. இந்த அவஸ்தையை ஒழிக்கத்தான் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையையும், பேசிக் என்ற எளிய நிரல்மொழியையும் உருவாக்கினார்கள். 1964 மே 1ஆம் தேதி விடிகாலையில் அது முதன்முதலாக ஓடியது. அறிவியல் படிக்காத மாணவர்களும் விசைப்பலகை முன் உட்கார்ந்து உடனே பதில் பெற முடிந்தது. காத்திருப்பை ஒழித்த கண்டுபிடிப்புகளில் நான் மனமாரக் கைதட்டுவது இதற்குத்தான்.

ஆனால் காத்திருந்த கூட்டம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதைக் காட்டும் ஒரு சம்பவமும் அதே காலத்தில் பதிவாகியிருக்கிறது. நிரலாளர்களின் உளவியலைப் பற்றி ஜெரால்ட் வைன்பெர்க் 1971இல் வெளியிட்ட நூலில் அது வருகிறது. ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் பெரிய பொது அறை. ஓரமாகக் காசு போட்டால் தின்பண்டம் தரும் இயந்திரங்கள். அவற்றைச் சுற்றி எப்போதும் மாணவர் கூட்டம், சிரிப்பு, சத்தம். தொந்தரவாக இருக்கிறது என்று சிலர் புகார் செய்ய, மேலாளர் வந்து பார்த்துவிட்டு இயந்திரங்களை வேறிடத்துக்கு அப்புறப்படுத்தச் சொன்னார். அறை அமைதியானது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, புதிய புகார் வந்தது. சந்தேகம் தீர்க்கும் ஆலோசகர்கள் போதவில்லையாம். அவர்கள் மேசையின் முன்னால் நீளமான வரிசை.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. அந்த இயந்திரங்களைச் சுற்றி நின்ற கூட்டமே ஒருவருக்கொருவர் பெரும்பாலான சந்தேகங்களைத் தீர்த்துவந்திருக்கிறது. எல்லோருக்கும் வரும் தவறுகள் கிட்டத்தட்ட ஒன்றேதான், நேற்று மாட்டிக்கொண்டவர் இன்று மாட்டிக்கொண்டவருக்கு வழி சொல்லிவிடுவார். கடினமான சிக்கல் மட்டும் ஆலோசகரிடம் போகும். இந்த ஏற்பாட்டை யாரும் உருவாக்கவில்லை, எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. இல்லாமல் போன பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. வளாகங்களில் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த பலவற்றுக்கு இந்தச் சம்பவத்தை விட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை.

காத்திருக்க மனமில்லாதவர்கள் படைத்த சாதனங்களிலேயே வேடிக்கையானது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் உருவானது. டிரோஜன் அறை என்ற இடத்துக்கு வெளியே ஒரே ஒரு காபிப் பானை. வேறு தளங்களில் இருந்தவர்கள் படியிறங்கி வந்து பார்த்தால் பானை காலியாக இருக்கும். 1991இல் ஒரு கேமராவைப் பானையின் பக்கம் திருப்பிவைத்து, அதன் படத்தை அவரவர் கணினியில் தெரியும்படி செய்துவிட்டார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது, உலகின் முதல் வெப்கேமரா என்று பெயர் பெற்றது. 2001இல் நிறுத்தும்வரை உலகமே அந்தப் பானையை எட்டிப் பார்த்தது. வீண் நடை மிச்சமானது உண்மை. காலிப் பானையருகே எரிச்சலோடு நின்ற இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டிய அவசியமும் கூடவே மிச்சமானது.

நூலகத்தின் கதையும் இதே வழியில்தான் போகிறது, ஆனால் கொஞ்சம் சிக்கலாக. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகம் புத்தகத்தை வெளியே விடாது. 1645இல் அரசர் முதலாம் சார்லஸ் கேட்டபோதே இல்லை என்று சொல்லிவிட்டது. சீட்டு எழுதிக் கொடுத்து, கிடங்கிலிருந்து புத்தகம் வரும்வரை வாசிப்பு அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற பல நூலகங்களில் அலமாரிகளுக்கு நடுவே நாமே நடந்துபோய்த் தேடலாம், தேடிய புத்தகத்துக்குப் பக்கத்துப் புத்தகம்தான் பலமுறை உண்மையில் வேண்டியதாக இருக்கும். 2011இல் திறந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் மன்சுவெட்டோ நூலகத்தில் தரைக்கடியில் 35 லட்சம் தொகுதிகளை வைக்க இடம் உண்டு. இயந்திரத் தூக்கிகள் சில நிமிடங்களில் கேட்டதை எடுத்துக்கொடுத்துவிடும். மேலே கண்ணாடிக் குவிமாடத்தின் கீழே அழகான வாசிப்புக் கூடம். அங்கே கேட்டது மட்டும்தான் வரும். அதே சிகாகோவில் பக்கத்திலேயே, நடந்து தேடும் பழைய அலமாரிகளையும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

யாருடைய நேரம்?

இதுவரை சொன்னதை வைத்து, பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடக் கூடாது. வரிசைகளில் பெரும்பகுதி வெறும் அதிகாரத்தின் காட்சி. உள்ளே இருப்பவருக்கு அவசரம் இல்லை, வெளியே நிற்பவருக்கு வேறு வழி இல்லை. ஒரு கையெழுத்துக்கு மூன்று முறை அலைந்தவர் யாரும் அதில் சமூக உறவு வளர்ந்தது என்று சொல்லமாட்டார். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், குழந்தையை விட்டுவிட்டு வருபவர், ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வருபவர் ஆகியோருக்கு அந்த அலைச்சல் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். படிக்கட்டு ஏற முடியாத மாணவருக்கு மூன்றாவது மாடி அலுவலகம் என்பது மூடிய கதவுதான். இணையவழி விண்ணப்பம் இவர்களுக்குச் செய்த நன்மையைக் குறைத்துப் பேசுபவர், பெரும்பாலும் வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டலில் இருந்து படித்தவராக இருப்பார்.

தேர்வு முடிவுகளையும் பாருங்கள். கேம்பிரிட்ஜில் செனட் ஹவுஸ் கட்டிடத்துக்கு வெளியே பெயரும் தேர்ச்சி வகுப்பும் எழுதி ஒட்டுவது நெடுங்காலப் பழக்கமாக இருந்தது. கூடி நின்று கொண்டாடியவர்களுக்கு அது மறக்க முடியாத நாளாக இருக்கலாம். அதே கூட்டத்தின் நடுவே தன் பெயரைத் தேடித் தேடி வெளிறிப்போனவருக்கு? முடிவை அவரவர் திரையில் தனியாகப் பார்க்க முடிவது ஒரு நாகரிகமான மாற்றம், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

நடைபாதைப் பேச்சும் எல்லோருக்கும் கிடைத்த சொத்து இல்லை. கேம்பிரிட்ஜில் பெண்கள் 1881இலிருந்து முறைப்படி தேர்வு எழுதலாம், முழுப் பட்டம் கிடைத்ததோ 1948இல். அந்த இடைப்பட்ட காலத்தில் அவர்கள் ஆண்களோடு ஒரே விரிவுரையைக் கேட்டிருப்பார்கள், அப்புறம் நடந்த பேச்சுகளில் பெரும்பாலானவை ஆண்கள் கல்லூரிகளின் அறைகளுக்குள் நடந்தன. தற்செயல் சந்திப்பு தற்செயலாகக்கூட நிகழ வேண்டுமானால் முதலில் அந்த இடத்தில் நிற்க அனுமதி வேண்டும். ஆசிரியரின் கதவுக்கு முன்னால் நின்று, தட்டலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் திரும்பிப்போன கூச்ச சுபாவிகளுக்கு மின்னஞ்சல்தான் முதல் கதவைத் திறந்தது.

ஆக, ஒழிய வேண்டியது எது, காக்க வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். என்னுடையது எளிது. ஒருவரைக் கெஞ்சிக்கொண்டு நிற்பது ஒழியட்டும். சமமானவர்கள் ஒன்றாக, ஒன்றும் செய்வதற்கில்லாமல் நிற்பது இருக்கட்டும். ஜெராக்ஸ் இயந்திரம் இரண்டாவது வகை, கையெழுத்து வரிசை முதல் வகை. கணினித் திரைக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டையும் ஒரே வேகத்தில் தின்றுவிடும்.

கதவுகளுக்கு இடையே எத்தனை அடி

பேசிக்கொள்வதற்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் போர்வீரர்கள் பெருமளவில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குள் வந்தார்கள், பலர் மனைவி குழந்தைகளோடு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவர்களுக்காக வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பை ஏற்படுத்தியது. யாருக்கு எந்த வீடு என்பதைக் குடியேறியவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, காலியானது கிடைத்தது. லியான் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் இங்கே யாருக்கு யார் நண்பர் என்று கேட்டுப் பதிவுசெய்து 1950இல் வெளியிட்டார்கள். இரண்டு மாடிக் கட்டிடத்தில், அடுத்த வீட்டுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். இரண்டு வீடு தள்ளி இருப்பவர் என்றால் 22 சதவீதம். அதே மாடியின் இன்னொரு கோடியில் இருப்பவர் என்றால் 10 சதவீதம்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி படிக்கட்டு. கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டிய வீட்டில் இருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் கூடுதல். அவர்கள் அதிகம் பழகும் சுபாவம் கொண்டவர்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மாடிக்காரர்கள் எல்லோரும் அவர்கள் வாசலைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது, அதுதான் காரணம். மனம் ஒத்துப்போனதால் நட்பு வந்தது என்று நாம் நம்ப விரும்புகிறோம். கட்டிடக் கலைஞர் படிக்கட்டை எங்கே வைத்தார் என்பதும் அதில் கை வைத்திருக்கிறது.

அதே கழகத்தின் பேராசிரியர் தாமஸ் ஆலன், பொறியாளர்கள் யாரோடு எவ்வளவு அடிக்கடி தொழில் பற்றிப் பேசுகிறார்கள் என்று 1970களில் அளந்தார். மேசைகளுக்கு இடையிலான தூரம் கூடக் கூடப் பேச்சு சரசரவென்று குறைந்தது. சுமார் 50 மீட்டரைத் தாண்டிவிட்டால் அவர் அதே கட்டிடத்தில் இருந்தால் என்ன, வேறு ஊரில் இருந்தால் என்ன, பெரிய வித்தியாசம் இல்லை. தொலைபேசியும் மின்னஞ்சலும் இந்தத் தூரத்தை அழித்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. நேரில் அடிக்கடி பார்ப்பவருக்குத்தான் அதிகமாக மின்னஞ்சலும் அனுப்புகிறோம் என்பதை நம் பெட்டியையே திறந்து பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

2020 மார்ச்சில் உலகம் முழுக்க வளாகங்கள் மூடியபோது இதற்கு யாரும் கேட்காத ஒரு பரிசோதனை நடந்தது. உயர்கல்வி படிக்கும் 20 கோடிக்கும் மேற்பட்டோரின் படிப்பு பாதித்தது. விரிவுரை நிற்கவில்லை. திரையில் வந்தது, பதிவாகவும் கிடைத்தது, வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கவும் முடிந்தது. பாடத்தைப் பொறுத்தவரை சிலருக்கு முன்னை விட வசதிகூட. காணாமல்போனது வகுப்பு முடிந்த பிறகு வரும் ஐந்து நிமிடம். ஆசிரியர் புத்தகங்களை அடுக்கும்போது மேசையருகே போய் நிற்கும் இரண்டு பேர், அவர்களுடைய கேள்வி என்னவென்று காதை நீட்டும் மூன்றாவது ஆள், வெளியே வரும்போது “உனக்குப் புரிஞ்சுதா?” என்று கேட்கும் நாலாவது ஆள். இணைய வகுப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் முகங்கள் எல்லாம் ஒரே நொடியில் மறைந்துவிடும். நடைபாதை என்று ஒன்று அங்கே இல்லை.

வளாகங்கள் திரும்பத் திறந்தன. ஆனால் திறந்தது பழைய வளாகம் இல்லை. விரிவுரையின் பதிவு தொடர்ந்து கிடைக்கும் இடங்களில், மழை பெய்தாலோ காலை எட்டு மணி வகுப்பு என்றாலோ வராமல் இருப்பது புத்திசாலித்தனமான முடிவாகத் தோன்றத் தொடங்கியது. தனி ஒருவருக்கு அது சரியான கணக்கும்கூட. எல்லோரும் அதே கணக்கைப் போடும்போதுதான், வந்தவருக்கும் வந்ததன் பலன் பாதியாகிறது. வராதவர் பாடத்தைப் பதிவில் பிடித்துவிடுவார், வந்தவர் காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருப்பார்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து இன்னொரு காத்திருப்பும் கரைகிறது. நள்ளிரவில் வரும் சந்தேகத்தை விடியும்வரை வைத்திருந்து யாரிடமாவது கேட்பது என்ற பழக்கம்தான் அது. பார்த்து எழுதுவதைப் பற்றித்தான் நிர்வாகங்கள் கவலைப்படுகின்றன, அது நியாயமான கவலையே. எனக்கு வைன்பெர்க் சொன்ன தின்பண்ட இயந்திரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஜூனியர் வந்து கேட்கும்போது சீனியருக்கும் பாடம் இன்னொரு முறை உறைக்கும், தனக்கு எங்கே புரியவில்லை என்று அவருக்கே அப்போதுதான் தெரியும். கேள்வி கேட்க ஆளே தேவையில்லை என்றால் பதில் சொல்லிப் பழகும் ஆளும் இல்லாமல் போவார். மறுபக்கம், கேட்கவே கூச்சப்பட்டவருக்கு, கேட்க ஆள் கிடைக்காதவருக்கு இது பெரிய விடுதலை. மறுபடியும் அதே இரட்டைக் கணக்குத்தான்.

காலி அறையின் கணக்கு

கைபேசியைக் குறை சொல்வது சுலபம். பூட்டிய வகுப்பறையின் வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள், பத்துப் பேரும் குனிந்திருக்கிறார்கள், இது எந்த நாட்டு வளாகத்திலும் காணக்கிடைக்கும் காட்சி. ஆனால் அந்தப் பத்துப் பேர் நிற்பதற்கே நேரம் இல்லாமல் செய்வது கைபேசியின் வேலை இல்லை. அது கால அட்டவணையின் வேலை, இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

கட்டிடம் பல்கலைக்கழகத்தின் பெரிய செலவுகளில் ஒன்று. அதனால் அறைகள் எவ்வளவு பயன்படுகின்றன என்று அளக்கிறார்கள். வழக்கமான சூத்திரம் இரண்டு எண்களைப் பெருக்குவது. வாரத்தின் மொத்த மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் அறையில் ஆள் இருந்தது, இருந்தபோது எத்தனை நாற்காலி நிரம்பியது. அறுபது சதவீத நேரம் திறந்து, பாதி நிரம்பியிருந்தால் பயன்பாடு முப்பது சதவீதம். இந்த எண்ணைப் பார்க்கும் எந்த நிதி அலுவலருக்கும் மீதி எழுபது வீணாகப் போவதாகத்தான் தோன்றும். உடனே துறைகளின் சொந்த அறைகள் பொதுத் தொகுப்புக்குப் போகும், மென்பொருள் அட்டவணையை இறுக்கும், மதிய இடைவேளை ஆளுக்கொரு நேரத்தில் வரும்.

அட்டவணை போடுவது உண்மையிலேயே கடினமான கணக்கு. பாடங்கள், ஆசிரியர்கள், நேரங்கள் ஆகிய மூன்றையும் மோதல் இல்லாமல் பொருத்துவது எந்தக் கணினியாலும் விரைவாகத் தீர்க்கத் தெரியாத சிக்கல்களின் வகையைச் சேர்ந்தது என்று ஷிமோன் ஈவன், அலோன் இட்டாய், அடி ஷமீர் ஆகியோர் 1976இலேயே நிறுவினார்கள். பாடத் தேர்வில் சுதந்திரம் கூடக் கூட இந்த முடிச்சு இறுகும். ஒரே துறையில் ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களுக்கே ஒரே நேரத்தில் ஓய்வு கிடைப்பது அரிதாகிவிடுகிறது. ஒருவருடைய பதினொரு மணி காலியாக இருக்கும், அவருடைய தோழிக்கு இரண்டு மணி. காலி நேரம் மொத்தத்தில் குறையாமலேகூட இருக்கலாம். சேர்ந்து இருக்கும் காலி நேரம் குறைந்துவிட்டது. அந்தச் சூத்திரத்தில் அதற்கு ஓர் எழுத்துகூட இல்லை.

இழந்ததைக் கட்டிடத்தால் மீட்டுவிடலாம் என்று இப்போது பலர் நம்புகிறார்கள். உட்காரவும் ஏறவும் தோதான அகலமான படிகள், வண்ண நாற்காலிகள், எல்லோரும் கடந்துபோக வேண்டிய நடுக்கூடம் என்று புதுக் கட்டிடங்கள் எழும்புகின்றன. இந்த நம்பிக்கைக்கு மூலக்கதை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இருபதாம் எண் கட்டிடம். 1943இல் ராடார் ஆய்வுக்காக அவசரமாக மரத்தால் கட்டியது, போர் முடிந்ததும் இடித்துவிடுவதாகத் திட்டம். 1998 வரை நின்றது. வேறிடம் கிடைக்காத குழுக்களையெல்லாம் அங்கே தள்ளினார்கள். நோம் சோம்ஸ்கியின் மொழியியலும் ஒலியியலும் அணு அறிவியலும் ஒரே கூரையின் கீழே இருந்தன. யாரும் மதிக்காத கட்டிடம் என்பதால் சுவரை இடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அது நின்ற இடத்தில் 2004இல் பிராங்க் கெரி வடிவமைத்த ஸ்டாட்டா மையம் வந்தது, பிரமாதமான செலவில். புதுக் கட்டிடத்தின் தரத்தைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. பழையது வேலை செய்ததற்குக் காரணம் அங்கே நெருக்கமும் அலட்சியமும் நிறைய நேரமும் இருந்தது. அவற்றில் நேரத்தை எந்தக் கட்டிடக் கலைஞரும் வரைபடத்தில் போட்டுத்தர முடியாது. அகலமான படிகளில் உட்கார இருவருக்கும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் இல்லையென்றால் அவை வெறும் படிகள்.

பிரிட்டனின் பல பல்கலைக்கழகங்களில் புதன்கிழமை பிற்பகலில் இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு வைப்பதில்லை என்ற வழக்கம் உண்டு. விளையாட்டுப் போட்டிகளுக்காக ஏற்பட்டது, சங்கங்களும் நாடகக் குழுக்களும் அதையே பிடித்துக்கொண்டன. எல்லாத் துறையினருக்கும் ஒரே சமயத்தில் கையில் நேரம் இருப்பது வாரத்தில் அந்த ஒரு முறைதான். மாணவர் எண்ணிக்கை கூடி அறை போதாமல் போகும்போது, அட்டவணை போடுகிறவர்களின் கண் முதலில் அந்தப் பிற்பகலின் மேல் விழுகிறது. அதை விட்டுக்கொடுக்க மறுத்துக் கூட்டத்தில் எழுந்து நிற்பது பெரும்பாலும் மாணவர் சங்கம்தான். காலி நேரத்துக்காக வாதாட எந்தத் துறைக்கும் தனியாகக் காரணம் இருப்பதில்லை.